சின்ன லிஸ்ப் ஒன்றுக்கு ஸ்ட்ரீம் எழுதுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் நாங்கள் சிலர் சேர்ந்து சி மொழியில், லிஸ்ப் என்ற கணினி மொழியின் சிறிய வடிவம் ஒன்றை எழுதி வருகிறோம். அதற்குக் கிடைத்த முதல் உருப்படியான வேலை ஒரு சேகோ ஆலையின் எடைமேடை. குச்சிக்கிழங்கு ஏற்றிய லாரி மேடையில் நின்றதும், எடை காட்டும் பெட்டியிலிருந்து சீரியல் கேபிள் வழியாக எண் வரும். அதைப் படித்து, வண்டி எண்ணையும் விவசாயி பெயரையும் சேர்த்துத் தமிழில் ஃபைலில் எழுத வேண்டும், திரையிலும் காட்ட வேண்டும். சீரியல் போர்ட், ஃபைல், டெர்மினல் என்று மூன்று வகை ஸ்ட்ரீமும் (புரோகிராம் தகவலைப் படிக்கும் அல்லது எழுதும் வழி) ஒரே புரோகிராமில் வந்துவிடுவதால், புதிதாகச் சேர்கிறவர்களின் கேள்விகளும் இந்தப் பக்கமே வந்து நிற்கின்றன. கீழே வரும் ஃபங்ஷன் பெயர்கள், லிஸ்ப் வகைகளில் ஒன்றான காமன் லிஸ்ப்பில் உள்ளவை. ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன்.

சி-யிலேயே ஃபைல் பாயின்டர் இருக்கிறதே அண்ணா, அதை ஒரு லிஸ்ப் ஆப்ஜெக்டுக்குள் பொதிந்து வைத்தால் போதாதா?

தொடக்கத்தில் போதும் போலத்தான் தெரியும். ரீட்-சார் (ஒரு எழுத்தைப் படி) என்றால் சி-யின் கெட்சி, ரைட்-சார் (ஒரு எழுத்தை எழுது) என்றால் புட்சி, வேலை முடிந்தது என்று தோன்றும். சிக்கல் படித்ததைத் திருப்பிப் போடும்போது வரும். சி-யின் அன்கெட்சி உறுதியாகத் திருப்பி வாங்குவது ஒரே ஒரு பைட். யூனிகோடைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 'க' போன்ற ஒரு தமிழ் எழுத்துக்கு மூன்று பைட். 'க' என்று படித்துவிட்டு அதைத் திருப்பிப் போடப் போனால் சில சிஸ்டங்களில் போகும், சிலவற்றில் போகாது.

அதோடு, படிக்கவும் எழுதவும் திறந்த ஃபைலில் எழுதியவுடன் படிக்க வேண்டுமானால் நடுவில் ஃப்ளஷோ சீக்கோ செய்தாக வேண்டும் என்பது சி-யின் விதி. அதை லிஸ்ப் எழுதுகிறவர் நினைவில் வைத்திருக்க மாட்டார், வைத்திருக்கவும் தேவையில்லை. ஸ்ட்ரிங்கிலிருந்து படிக்கும் ஸ்ட்ரீம், பயனர் தானே எழுதும் ஸ்ட்ரீம் என்று போனால் ஃபைல் பாயின்டர் சுத்தமாக உதவாது. ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் ரீட், ரைட் சிஸ்டம் கால்களை நேரடியாகக் கூப்பிட்டு, பஃபரை (தகவல் தற்காலிகமாகத் தங்கும் இடம்) நாமே வைத்துக்கொள்வதுதான் கடைசியில் சுலபம்.

சரி, ஸ்ட்ரீம் ஸ்ட்ரக்டுக்குள் என்னென்ன இருக்க வேண்டும்?

இரண்டு அடுக்காகப் பிரித்துவிடுங்கள். கீழடுக்குக்கு பைட் மட்டும்தான் தெரியும். அதற்கு ஐந்து ஃபங்ஷன் பாயின்டர் போதும்: பஃபரை நிரப்பு, பஃபரைக் காலி செய், தயாராக இருக்கிறதா என்று பார், இடத்தைச் சொல் அல்லது மாற்று, மூடு. ஃபைல், சீரியல், சாக்கெட், ஸ்ட்ரிங் எல்லாவற்றுக்கும் மாறுவது இந்த ஐந்து மட்டுமே.

மேலடுக்கு எழுத்துகளுக்கானது. பைட்டை எழுத்தாக்குவது, திருப்பிப் போட்ட எழுத்தை வைத்திருப்பது, வரி எண், எந்தப் பத்தியில் (வரியில் எத்தனையாவது இடத்தில்) நிற்கிறோம் என்ற கணக்கு எல்லாம் இங்கே, ஒரே ஒரு இடத்தில். புது வகை ஸ்ட்ரீம் ஒன்றைச் சேர்க்கும்போது மேலடுக்கில் கை வைக்க வேண்டி வந்தால் பிரிப்பு சரியில்லை என்று அர்த்தம். ரீட்-பைட் மட்டும் மேலடுக்கைத் தொடாமல் நேராகக் கீழே போகும். ஆனால் திருப்பிப் போட்ட எழுத்து ஒன்று காத்திருக்கும்போது யாராவது ரீட்-பைட் கூப்பிட்டால் எரர் கொடுத்துவிடுங்கள். ஏதோ ஒன்றைத் தந்து சமாளிப்பதைவிட அது நல்லது.

பஃபரை மாலாக்கில் எடுங்கள், லிஸ்ப் ஹீப்பில் வைக்காதீர்கள். ஆப்ஜெக்ட்களை இடம் மாற்றும் கார்பேஜ் கலெக்டர் (பயன்படாத மெமரியைத் திரும்ப எடுக்கும் பகுதி) இருந்தால், கெர்னலிடம் (ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி) நீங்கள் கொடுத்த முகவரியில் பிறகு வேறு எதுவோ உட்கார்ந்திருக்கும்.

ரீடர் ஏன் படித்த எழுத்தைத் திருப்பிக் கொடுக்கிறது? ஒரு எழுத்து போதுமா?

லிஸ்ப் கோடைப் படித்து ஆப்ஜெக்டாக்கும் பகுதிதான் ரீடர். அது (நிகர எடை) என்ற வடிவத்தைப் படிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 'எடை' என்ற சிம்பல் (பெயர்) எங்கே முடிகிறது என்று அதற்கு எப்படித் தெரியும்? மூடும் அடைப்பைப் படித்த பிறகுதான். ஆனால் அந்த அடைப்பு சிம்பலுக்குச் சொந்தமில்லை, வெளியே லிஸ்ட்டைப் படித்துக்கொண்டிருக்கும் ஃபங்ஷனுக்குச் சொந்தம். அதனால் அதைத் திருப்பிப் போட்டுவிட்டுத்தான் சிம்பலை முடிக்க முடியும்.

லிஸ்ப்பின் எழுத்திலக்கணத்துக்கு ஒன்று போதும். காமன் லிஸ்ப் தரநிலையும் ஒன்றுக்குத்தான் உறுதி தருகிறது. நடுவில் எதையும் படிக்காமல் அன்ரீட்-சாரை இரண்டு முறை கூப்பிடுவது தவறு. எண்ணா சிம்பலா என்ற குழப்பத்துக்கு அதிகம் எட்டிப் பார்க்க வேண்டும் என்று சிலர் நினைப்பார்கள். வேண்டாம். டோக்கன் (ஒரு பெயர் அல்லது எண்) முழுவதையும் சேர்த்த பிறகு பார்த்து முடிவு செய்யலாம்.

செய்யும் விதத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. பஃபரின் குறியைப் பின்னால் நகர்த்தித் திருப்பிப் போடாதீர்கள். கடைசி எழுத்துக்குப் பிறகு பஃபர் புதிதாக நிரம்பியிருந்தால் பின்னால் போக இடமே இருக்காது. படித்துப் பிரித்த எழுத்தை ஸ்ட்ரக்டில் தனி இடத்தில் வையுங்கள். திருப்பிப் போட்டது வரிமுடிவு என்றால் வரி எண்ணும் ஒன்று குறைய வேண்டும், பத்தியும் பழையபடி ஆக வேண்டும். அதற்காக முந்தைய பத்தி எண்ணையும் சேர்த்து வைத்திருங்கள். பீக்-சார் என்பது படித்துத் திருப்பிப் போடுவதுதான், தனியாக எழுத வேண்டாம்.

பெரிய ஃபைலைப் படித்தால் மட்டும் நடுவில் எங்கோ ஒரு தமிழ் எழுத்து உடைகிறது. சின்ன ஃபைலில் எல்லாம் சரி. ஏன்?

பஃபரின் விளிம்பில் எழுத்து இரண்டாக அறுபடுகிறது. கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம்.

'சேலம்' என்பது யூனிகோடில் ஐந்து குறிகள்: ச, ஏகாரக் கொம்பு, ல, ம, புள்ளி. ஒவ்வொன்றும் மூன்று பைட், மொத்தம் 15. தசம எண்ணில் எழுதினால்:

ச: 224 174 154
ே: 224 175 135
ல: 224 174 178
ம: 224 174 174
்: 224 175 141

தமிழ்க் குறிகள் எல்லாமே 224-இல் தொடங்கி, இரண்டாவது பைட் 174 அல்லது 175 ஆக இருக்கும். பஃபர் 4096 பைட் என்றால், இடைவெளியே இல்லாத தமிழில் 1365 குறிகள் முழுதாக அடங்கி ஒரு பைட் மிஞ்சும். அதாவது பஃபரின் கடைசி பைட் ஒரு தனி 224. அதன் கூட்டாளிகள் இரண்டும் அடுத்த நிரப்பலில்தான் வரும். நிஜ ஃபைலில் இடைவெளியும் எண்ணும் கலந்திருப்பதால் விளிம்பு எங்கே விழும் என்று சொல்ல முடியாது. தமிழ்ச் சொல்லின் நடுவில் விழுந்தால், மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பில் ஒரு குறியை அறுக்கும்.

ஆங்கிலத்தை மட்டும் வைத்துச் சோதிக்கிறவர்களுக்கு இது ஒருநாளும் தென்படாது. அங்கே ஒரு எழுத்துக்கு ஒரு பைட், அறுபட ஒன்றுமில்லை. இந்த விஷயத்தில் தமிழில் சோதிப்பவர்களுக்குத்தான் அதிர்ஷ்டம்.

தீர்வு இதுதான். முதல் பைட்டைப் பார்த்தால் எத்தனை பைட் வேண்டும் என்று தெரிந்துவிடும். பஃபரில் அத்தனை இல்லையென்றால், இருப்பதை பஃபரின் தொடக்கத்துக்கு நகர்த்தி, அதற்குப் பின்னாலிருந்து நிரப்பச் சொல்லுங்கள். ஒரே நிரப்பலில் முழுதாக வந்துவிடும் என்றும் நம்பக் கூடாது. சீரியலிலும் சாக்கெட்டிலும் ஒரு பைட் மட்டுமே வரலாம், எனவே தேவையானது சேரும்வரை சுற்ற வேண்டும். ஃபைல் முடிந்தும் சேரவில்லை என்றால் அது வெட்டுப்பட்ட ஃபைல். எரர் கொடுப்பதா, மாற்றுக்குறி போடுவதா என்பதைத் திறக்கும்போதே பயனர் சொல்லட்டும். எஸ்பிசிஎல் என்ற காமன் லிஸ்ப் எரர் எழுப்பி, மாற்றுக்குறி போட்டுத் தொடரவோ அடுத்த நல்ல பைட்டுக்குத் தாவவோ ரீஸ்டார்ட் (எரருக்குப் பின் தொடரும் வழி) தருகிறது. எங்கள் லிஸ்ப்பில் ரீஸ்டார்ட் இன்னும் வராததால் எரர் மட்டும்தான்.

ரீட்-சார் 'சே' என்பதை ஒரு எழுத்தாகத் தர வேண்டாமா?

வேண்டாம். ஸ்ட்ரீம் யூனிகோட் குறிகளைத் தரட்டும். 'சே' ஒன்று என்று எண்ணும் வேலை மேலே ஒரு லைப்ரரியில் இருக்கட்டும். ஸ்ட்ரீமிலேயே சேர்க்கப் போனால் 'ச' வந்த பிறகு அடுத்தது கொம்பா என்று பார்க்கக் காத்திருக்க வேண்டும். டெர்மினலில் அது அடுத்த கீயை அழுத்தும்வரை தொங்கி நிற்கும்.

பத்திக் கணக்கு மட்டும் இதனால் கோணலாகும். வரியின் நடுவில் நின்றால் மட்டும் புது வரி போடும் ஃப்ரெஷ்-லைனுக்குக் கவலையில்லை, வரியின் தொடக்கத்தில் நிற்கிறோமா இல்லையா என்பதுதான் அதற்கு வேண்டும், தெரியவில்லை என்றால் புது வரி போட்டுவிடலாம் என்று தரநிலையே அனுமதிக்கிறது. பட்டியலைப் பத்தி பத்தியாக அடுக்கும்போதுதான் புள்ளியையும் ஒரு பத்தியாக எண்ணி, விவசாயி பெயருக்குப் பக்கத்தில் எடை ஆளுக்கொரு இடத்தில் நிற்கும். ரசீது அச்சிடும் கோடில் அதைத் தனியாகக் கவனியுங்கள்.

ஆலையின் பழைய கணக்கு ஃபைல்கள் டிஸ்கியில் இருக்கின்றன. அதையும் இதே ஸ்ட்ரீமில் படிக்க முடியுமா?

முடியும். மேலடுக்கு சரியாக இருக்கிறதா என்பதற்கு இதைவிட நல்ல பரீட்சை இல்லை.

டிஸ்கி, யூனிகோட் பரவுவதற்கு முன்னால் புழங்கிய எட்டு பிட் குறியீடு. கண்ணுக்குத் தெரியும் வரிசையில் சேமிக்கும். 'கோ' என்பது அங்கே கொம்பு, க, கால் என்று மூன்று பைட். யூனிகோடில் க முதலில், ஓகாரக் குறி பின்னால். எனவே டிகோடர் கொம்பைப் பார்த்ததும் கையில் பிடித்துக்கொண்டு, மெய் வரும்வரை காத்திருந்து, அதற்கு அடுத்த பைட் கால்தானா என்றும் பார்த்த பிறகே 'கே'-யா 'கோ'-வா என்று முடிவு செய்ய முடியும். மறுபக்கம், 'கு' போன்றவற்றுக்கு அங்கே ஒரே பைட். யூனிகோடில் அது இரண்டு குறி.

ஆக, ஒரு பைட்டுக்கு ஒரு எழுத்தோ, பல பைட்டுக்கு ஒரு எழுத்தோ என்ற கணக்கு இங்கே செல்லாது. டிகோடர் 'இத்தனை பைட்டைச் சாப்பிட்டேன், இத்தனை எழுத்தைத் தந்தேன்' என்று இரண்டு எண்ணைத் திருப்பித் தர வேண்டும். தந்த எழுத்துகள் வரிசையில் நிற்க நாலு இடம் கொண்ட ஒரு குட்டி க்யூ போதும். திருப்பிப் போடும் எழுத்தையும் அந்த க்யூவின் தலையிலேயே வைத்துவிடலாம். அவசரத்துக்கு, லினக்ஸின் சி லைப்ரரியான ஜிலிப்சியில் வரும் ஐகான்வ் என்ற குறியீடு மாற்றும் கருவி டிஸ்கியைப் புரிந்துகொள்ளும். ஃபைலை முன்கூட்டியே மாற்றிவைத்துவிட்டு இந்தத் தலைவலியைத் தள்ளிப்போடலாம்.

ஃபைல் முடிந்தால் நில் கொடுத்துவிடலாமா?

நில் என்பது லிஸ்ப்பில் 'ஒன்றுமில்லை' என்ற மதிப்பு. ரீட்-லைனுக்குக் கொடுத்தால் தப்பில்லை. லிஸ்ப்பின் ரீட்டுக்கு முடியாது, ஏனென்றால் ஃபைலுக்குள்ளேயே நில் என்று எழுதியிருக்கலாம். காமன் லிஸ்ப் இதைப் பயனரிடமே விடுகிறது: முடிவில் எரர் வேண்டுமா, வேண்டாமென்றால் எதைத் திருப்பித் தர வேண்டும் என்று இரண்டு ஆர்க்யுமென்ட். ஃபைலுக்குள் வரவே முடியாத ஒரு மதிப்பு வேண்டுமென்றால் அந்த ஸ்ட்ரீமையே கொடுப்பது பழைய வழக்கம்:

(லூப்
  (லெட் ((பதிவு (ரீட் ஸ் நில் ஸ்)))
    (வென் (ஈக்யூ பதிவு ஸ்) (ரிட்டர்ன்))
    (சேர் பதிவு)))

ஸ்கீம் என்ற இன்னொரு லிஸ்ப்பில் இதற்கென்றே தனி ஈஓஎஃப் (ஃபைல் முடிவு) ஆப்ஜெக்ட் உண்டு. எனக்கு அதுதான் பிடிக்கும், ஆனால் காமன் லிஸ்ப் வழியில் போவதென்று முடிவாகிவிட்டது.

இன்னொன்று: திறந்த அடைப்பு மூடாமலே ஃபைல் முடிந்தால், பயனர் எரர் வேண்டாம் என்று சொல்லியிருந்தாலும் எரர்தான். பாதி லிஸ்ட்டை 'முடிந்தது' என்று சொல்லி விழுங்கிவிடக் கூடாது.

சீரியல் போர்ட்டில் ரீட் பூஜ்யம் தருகிறது. கேபிள் கழன்றுவிட்டதா?

அநேகமாக இல்லை, மேடையில் லாரி இல்லை, அவ்வளவுதான். போர்ட்டின் அமைப்பில் விமின் (குறைந்தது எத்தனை பைட்) 0, விடைம் (எவ்வளவு நேரம் காத்திருப்பது) 10 என்று வைத்தால், ஒரு வினாடி காத்திருந்தும் எதுவும் வரவில்லை என்றால் ரீட் சிஸ்டம் கால் பூஜ்யம் தரும். விடைமின் அலகு பத்தில் ஒரு வினாடி. சாதாரண ஃபைலில் பூஜ்யம் என்றால் முடிவு. இங்கே 'இப்போதைக்கு இல்லை'. ஆகவே நிரப்பு ஃபங்ஷன் எண்ணை மட்டும் திருப்பித் தராமல், வந்தது, இப்போது இல்லை, முடிந்தது, எரர் என்று நான்கு விதமாகப் பதில் சொல்ல வேண்டும். டெர்மினலிலும் கன்ட்ரோல்-டி அழுத்தினால் பூஜ்யம் வரும், அதற்குப் பிறகும் தொடர்ந்து தட்டலாம். எனவே 'முடிந்தது' என்பதை ஸ்ட்ரீமில் நிரந்தரமாகக் குறித்துவைக்காதீர்கள்.

லிசன் (படிக்க எழுத்து காத்திருக்கிறதா என்று சொல்லும் ஃபங்ஷன்) எழுதும்போது, முதலில் நம் க்யூவையும் பஃபரையும் பாருங்கள், பிறகு கெர்னலைக் கேளுங்கள். மாற்றிச் செய்தால், பஃபரில் ஒரு முழு வரி காத்திருக்கும்போதே 'ஒன்றும் இல்லை' என்று சொல்லும். கெர்னல் 'இருக்கிறது' என்றாலும் அது மூன்றில் ஒரு பைட்டாக இருக்கலாம். ஒரு எழுத்து முழுதாகச் சேர்ந்த பிறகே ஆம் என்று சொல்லுங்கள். எடைப் பெட்டி எண் மட்டும்தான் அனுப்பும், அதற்கு இது தேவையில்லை. சாக்கெட்டுக்குத் தேவை.

பெட்டி வரிமுடிவுக்கு கேரேஜ் ரிட்டர்ன் மட்டும் அனுப்பினால், அதைப் புது வரியாக மாற்றுவது மேலடுக்கின் வேலை. திறக்கும்போது ஒரு விருப்பமாகக் கொடுங்கள்.

'வண்டி எண்?' என்று கேட்கச் சொன்னேன். பதிலைத் தட்டி முடித்த பிறகுதான் கேள்வி திரையில் வருகிறது!

பஃபர், புது பஸ் ஸ்டாண்டில் நிற்கும் தனியார் பஸ் மாதிரி. ஆள் நிறையும்வரை எடுக்காது, விசில் அடித்தால்தான் எடுக்கும். உங்கள் கேள்வியில் புதுவரி இல்லை, பஃபரும் நிறையவில்லை, அது உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.

பஃபரைக் காலி செய்யும் ஃபினிஷ்-அவுட்புட்டைப் பயனரை ஒவ்வொரு முறையும் எழுதச் சொல்வது நியாயமில்லை. டெர்மினலிலிருந்து படிக்கும் ஸ்ட்ரீம் காத்திருக்கப் போகும் முன், தன் ஜோடியான வெளியீட்டு ஸ்ட்ரீமைக் காலி செய்யட்டும். டூ-வே ஸ்ட்ரீம் (படிப்பதும் எழுதுவதும் சேர்ந்தது) இருந்தால் ஜோடி யார் என்பது தெரிந்ததே. ஐஸ்-ஏ-டிடிஒய் மூலம் டெர்மினல் என்று தெரிந்தால் வரிக்கு வரி காலி செய்யுங்கள், ஃபைல் என்றால் நிறைந்த பிறகு. எரர் ஸ்ட்ரீமில் பஃபர் வேண்டாம்.

ஃபினிஷ்-அவுட்புட் செய்துவிட்டால் கரண்ட் போனாலும் பதிவு இருக்குமா?

இருக்கும் என்று சொல்ல முடியாது. ஃபினிஷ்-அவுட்புட் நம் பஃபரிலிருந்து கெர்னலிடம் சேர்க்கும். கெர்னலிடமிருந்து டிஸ்க்குக்குப் போக எஃப்சிங்க் வேண்டும். ஒவ்வொரு எழுத்துக்கும் அதைச் செய்தால் மெஷின் நகராது. ஒரு லாரியின் பதிவு முடிந்ததும் ஒரு முறை செய்தால் போதும். ஃபோர்ஸ்-அவுட்புட் என்பது அனுப்பத் தொடங்கிவிட்டு, முடியும்வரை காத்திராமல் திரும்புவது. கணக்குப் பதிவுக்கு அது ஆகாது.

ரைட் சிஸ்டம் கால் நீங்கள் கொடுத்ததில் பாதியை மட்டும் எழுதிவிட்டுத் திரும்பலாம், சிக்னல் வந்தால் எழுதாமலேயும் திரும்பலாம். மிச்சம் தீரும்வரை சுற்றுவது கீழடுக்கின் பொறுப்பு.

சினானிம், பிராட்காஸ்ட், கன்காட்டினேட்டட், எக்கோ... எல்லாம் எழுத வேண்டுமா?

ஸ்ட்ரிங் ஸ்ட்ரீமை முதலில் எழுதுங்கள், மற்றதைச் சோதிக்கவே அது வேண்டும். அடுத்தது சினானிம்: தன்னிடம் பஃபர் எதுவும் இல்லாமல், ஒரு வேரியபிளில் அந்த நேரத்தில் எந்த ஸ்ட்ரீம் இருக்கிறதோ அதற்குத் தள்ளிவிடும். ஸ்டாண்டர்ட்-அவுட்புட் இப்படி டெர்மினல்-ஐஓவைச் சுட்டினால், டெர்மினலை ஒரு இடத்தில் மாற்றினால் போதும். பிராட்காஸ்ட் சில வரிகளில் முடிந்துவிடும். எங்களுக்குத் திரைக்கும் ஃபைலுக்கும் ஒரே நேரத்தில் எழுத அதுதான். உறுப்பே இல்லாத பிராட்காஸ்ட், எழுதுவதையெல்லாம் விழுங்கும் குப்பைத்தொட்டி. படித்ததை இன்னொரு ஸ்ட்ரீமில் எதிரொலிக்கும் எக்கோ ஸ்ட்ரீமை விட்டுவிடுங்கள். திருப்பிப் போட்ட எழுத்தை மறுபடி படித்தால் மறுபடி எதிரொலிக்கக் கூடாது என்ற ஒரு விதிக்காக நிறைய மெனக்கெட வேண்டும், இதுவரை யாரும் அதைக் கேட்டதும் இல்லை.

பயனர் தானே புது ஸ்ட்ரீம் வகை எழுத முடிகிற மாதிரி செய்யலாமா?

செய்ய வேண்டும். 1989-இல் டேவிட் கிரே என்பவர் இதற்கென ஒரு முன்மொழிவை காமன் லிஸ்ப் தரநிலைக் குழுவிடம் வைத்தார். 1994-இல் வந்த ஆன்சி தரநிலையில் அது இடம்பெறவில்லை. ஆனாலும் எஸ்பிசிஎல், ஈசிஎல், கிளிஸ்ப், லிஸ்ப்வொர்க்ஸ் என்று பெரும்பாலான லிஸ்ப்புகளில் கிரே ஸ்ட்ரீம் இருக்கிறது. படிக்கும் ஸ்ட்ரீமுக்கு ஒரு எழுத்தைப் படி, ஒரு எழுத்தைத் திருப்பிப் போடு என்ற இரண்டை எழுதினால், ரீட்-லைன் முதலான மற்றவை தானாக வந்துவிடும். எழுதுவதற்கு ஒரு எழுத்தை எழுது, பத்தி எண்ணைச் சொல்.

இதன் விலை வேகம். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு ஜெனரிக் ஃபங்ஷன் (ஆப்ஜெக்டின் வகையைப் பார்த்து எந்தக் கோட் ஓட வேண்டும் என்று முடிவு செய்வது) அழைப்பு. அதனால் பயனரைக் கீழடுக்கிலும் நுழைய விடுங்கள்: நிரப்பு ஃபங்ஷனை லிஸ்ப்பிலேயே எழுதிக் கொடுத்தால், எழுத்து வேலை முழுவதும் சி-யிலேயே நடக்கும். ஈமேக்ஸ் எடிட்டரின் லிஸ்ப்பில் இன்னும் எளிய வழி உண்டு. அங்கே ஒரு ஃபங்ஷனையே உள்ளீட்டு ஸ்ட்ரீமாகக் கொடுக்கலாம். ஆர்க்யுமென்ட் இல்லாமல் கூப்பிட்டால் அடுத்த எழுத்து, ஒரு எழுத்தோடு கூப்பிட்டால் அதைத் திருப்பி வாங்கிக்கொள் என்று அர்த்தம். அழகான யோசனை, சின்ன லிஸ்ப்புக்குத் தாராளமாகப் போதும்.

மூட மறந்தால் கார்பேஜ் கலெக்டர் மூடிவிடும்தானே?

எப்போதாவது மூடும். அதற்குள், லினக்ஸில் ஒரு ப்ராசஸுக்கு வழக்கமாக உள்ள 1024 ஃபைல் வரம்பு தீர்ந்துவிடலாம். மெமரி தாராளமாக இருந்தால் கலெக்டருக்கு ஓட வேண்டிய அவசரமே இல்லை. புரோகிராம் முடியும்போது ஃபைனலைசர் (கலெக்டர் ஒரு ஆப்ஜெக்டை அகற்றும்போது ஓடும் கோட்) ஓடும் என்ற உறுதியும் இல்லை, அப்போது பஃபரில் மிஞ்சியது போய்விடும். வித்-ஓபன்-ஃபைல் மேக்ரோ விரிவது சுருக்கமாக இப்படி:

(லெட் ((ஸ் (ஓபன் "எடை-பதிவு")))
  (அன்வைண்ட்-ப்ரொடெக்ட்
      (வேலையைச்-செய் ஸ்)
    (க்ளோஸ் ஸ்)))

எரர் வந்து நடுவில் வெளியேறினாலும் க்ளோஸ் நடக்கும். மூடிய ஸ்ட்ரீமை மறுபடி மூடினால் எரர் கொடுக்காதீர்கள், சும்மா இருந்துவிடுங்கள். ஃபைனலைசரை வைத்துக்கொள்ளலாம், ஆனால் 'மூடாமல் விட்ட ஸ்ட்ரீம்' என்று எச்சரிக்க மட்டும்.

எப்படிச் சோதிப்பது?

அழைக்கும்போதெல்லாம் ஒரே ஒரு பைட் மட்டும் தரும் நிரப்பு ஃபங்ஷன் ஒன்றை எழுதிக்கொள்ளுங்கள். ஒரே தமிழ் உரையை அதன் வழியாகவும், முழு பஃபரின் வழியாகவும் படித்து, இரண்டும் ஒன்றுதானா என்று பாருங்கள். நடுநடுவே 'இப்போது இல்லை' என்று சொல்லும் இன்னொன்றும் வேண்டும். எழுதும் பக்கத்தில், ஒரு தடவைக்கு மூன்று பைட்டுக்கு மேல் வாங்க மறுக்கும் காலி-செய் ஃபங்ஷன். சோதனை உரையில் ஆட்டையாம்பட்டி, செவ்வாய்பேட்டை, ஏற்காடு என்று கொம்பும் காலும் புள்ளியும் கலந்த பெயர்களைப் போடுங்கள், நடுநடுவே ஆங்கில எழுத்தும் எண்ணும் வரட்டும். பிறகு ஒவ்வொரு எழுத்தையும் படித்தவுடன் திருப்பிப் போட்டு மறுபடி படிக்கும் ஒரு சுற்று. வரி எண்ணில் பிழை இருந்தால் அங்கே மாட்டும்.

ஒரே ஸ்ட்ரீமில் இரண்டு த்ரெட் எழுதினால்?

எங்கள் லிஸ்ப்பில் த்ரெட் இல்லை. வந்தால் ஸ்ட்ரீமுக்கு ஒரு பூட்டு வைப்போம். ஒரு எழுத்துக்கு ஒரு முறை பூட்டித் திறக்க மாட்டோம், ரைட்-ஸ்ட்ரிங் அளவுக்கு ஒரு முறைதான்.